பாசிக்கு ஓர் இடம் கொடுங்கள்

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பாசியைத் திட்டாத வாரம் கிடையாது. கண்ணாடியில் பச்சை, கல்லில் பழுப்பு, செடியின் ஓரத்தில் கறுப்பு முடி. உடனே கடைக்குப் போகிறோம். பாசிக்கொல்லி ஒரு புட்டி, கண்ணாடியைத் தேய்க்கக் காந்தம் ஒன்று, பாசி தின்னும் மீன் இரண்டு என்று வாங்கி வருகிறோம். இரண்டு வாரம் தொட்டி பளபளக்கும். மூன்றாம் வாரம் பாசி பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசியைக் கொல்லச் செலவிடும் பணத்தைப் பாசியை வளர்க்கச் செலவிடுங்கள். தொட்டிக்கு வெளியே, நீங்கள் காட்டும் இடத்தில் அது வளரட்டும். அதற்கான கருவியை வீட்டிலேயே கட்டலாம். ஆங்கிலத்தில் ஆல்கே ஸ்க்ரப்பர் என்பார்கள். எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் மாணவர்கள் அதற்குப் பாசித்திரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கும் அப்படியே அழைக்கிறேன். இது மீன் வளர்ப்போருக்கு மட்டுமான செய்தி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் படித்தால் இது உங்களுக்கும்தான்.

பாசி எங்கிருந்து வருகிறது? நம் கையிலிருந்து. தீவனப் பொட்டலத்தின் பின்புறத்தைப் பாருங்கள். புரதம் 40 விழுக்காடு என்று, சற்றுக் கூடவோ குறையவோ, போட்டிருக்கும். புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே 1 கிராம் தீவனத்தில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் கால் பங்கு மீனின் உடம்பில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 48 மில்லிகிராம் செவுள் வழியாக அம்மோனியாவாகவும், கழிவாகவும், தின்னாமல் அடியில் அழுகும் துணுக்காகவும் தண்ணீரில் கலக்கிறது. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. ஆக்சிஜன் சேர்வதால் எடை ஏறக்குறைய 4.4 மடங்காகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டியில் 1 கிராம் தீவனம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் நைட்ரேட் கூடுகிறது. தினமும் 1 கிராம் என்றால் வாரத்துக்கு 15 மில்லிகிராம். வீட்டில் ஆளுக்கொரு பிடி போடும் பிள்ளைகள் இருந்தால் 30.

வடிகட்டி தண்ணீரைச் 'சுத்தம்' செய்கிறது என்று பலரும் நம்புகிறோம். அது நஞ்சான அம்மோனியாவை அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது, அவ்வளவுதான். நைட்ரஜன் தொட்டியை விட்டு எங்கும் போகவில்லை. பாசிக்கொல்லியின் கதையும் அதே. செத்த பாசியின் உடம்பில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் கரைந்து தண்ணீருக்கே திரும்புகின்றன. அடுத்த தலைமுறைப் பாசிக்கு அதுதான் விருந்து. செம்பு கலந்த மருந்தாக இருந்தால் இறாலும் நத்தையும் கூடவே சாகும். பாசி தின்னும் மீனோ, தின்றதை அதே தண்ணீரில்தான் கழிக்கிறது. தொட்டியிலிருந்து எதை வெளியே எடுத்துப் போடுகிறோமோ அது மட்டுமே கணக்கில் குறையும்.

இந்த எளிய உண்மையைக் கருவியாக்கியவர் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஏடி என்ற ஆய்வாளர். கரீபியன் கடலின் பவளப்பாறைகளை ஆராய்ந்தவர் அவர். பவளப்பாறையைச் சுற்றியுள்ள கடல்நீரில் ஊட்டச்சத்து மிகக் குறைவு. ஆனால் அங்கே பாறைமேல் குட்டையாகப் படர்ந்திருக்கும் பாசிப்புல் அசுர வேகத்தில் வளர்கிறது. வெயில் நேராக விழுகிறது. அலை அடித்து அடித்துப் புது நீரைக் கொண்டுவருகிறது. மீன்கள் மேய்ந்துகொண்டே இருப்பதால் அது எப்போதும் இளம் புல்லாகவே இருக்கிறது. ஒளி, அலை, மேய்ச்சல் ஆகிய மூன்றையும் ஒரு தட்டில் கொண்டுவந்தால் தண்ணீர் சுத்தமாகும் என்று ஏடி கணித்தார். கவிழும் வாளியால் அலையை உண்டாக்கி, விளக்கை வெயிலாக்கி, மேயும் மீனுக்குப் பதில் மனிதர் சுரண்டி எடுக்கும்படி அமைத்தார். 1982இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறக்கப்பட்ட பெரும் பவளப்பாறைக் காட்சியகமும், அரிசோனா பாலைவனத்தில் கண்ணாடிக்குள் கட்டப்பட்ட பயோஸ்பியர் 2இன் செயற்கைக் கடலும் இந்த முறையைப் பயன்படுத்தின. இன்று பால்டிமோர் துறைமுகத்தில் வளைகுடா நீரைச் சரிவான தளத்தில் ஓடவிட்டுப் பாசியை அறுவடை செய்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இது புதிதா என்றால், கொல்கத்தாவைச் சொல்ல வேண்டும். நகரின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டர் சதுப்புநிலம். நகரக் கழிவுநீர் அங்குள்ள ஆழமில்லாத குளங்களுக்குப் போகிறது. வெயில் பட்டுப் பாசி பெருகுகிறது, பாசியை மீன் தின்கிறது, மீனை நகரம் தின்கிறது. காப்புரிமை ஏதுமில்லாமல் மீனவர்களும் விவசாயிகளும் தலைமுறைகளாக நடத்திவந்த ஏற்பாடு. 2002இல்தான் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

சரி, 100 லிட்டர் தொட்டிக்குக் கட்டுவோம். கைவினைக் கடையில் நூல் பின்னுவதற்கு விற்கும் பிளாஸ்டிக் சல்லடைத் தாள் ஒன்று போதும். 15 செண்டிமீட்டர் அகலம், 20 செண்டிமீட்டர் உயரம் வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வேலையைத்தான் பலர் அரைகுறையாக விடுகிறார்கள்: இரம்பப் பல்லால் இருபுறமும் கீறிக் கீறி, தடவினால் கள்ளிச்செடிபோல் கையைக் குத்தும் அளவுக்குச் சொரசொரப்பாக்க வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பாசி காலூன்றாது. ஊன்றினாலும் கொத்தாக வழுக்கித் தொட்டிக்குள் விழும். 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 15 செண்டிமீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் அகலப் பிளவு போட்டு, அதில் சல்லடையின் மேல்விளிம்பைச் செருகுங்கள். குழாயின் ஒரு முனையை மூடிவிட்டு மறு முனையில் பம்ப்பை இணைத்தால், தண்ணீர் சல்லடையின் இருபுறமும் மெல்லிய திரைபோல வழியும்.

இதைத் தொட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் தொங்கவிட வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் குழாய் 20 மில்லிமீட்டர் என்றால், வெளியேறும் துளை 40 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பிய்ந்து விழும் பாசி சிறு துளையை அடைத்தால் தண்ணீர் முழுதும் தரையில்தான். இருபுறமும் 10 செண்டிமீட்டர் தள்ளி எல்இடி விளக்கு. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உறிஞ்சும் என்று படித்திருப்பீர்கள். ஆகவே செடி வளர்ப்புக்கென விற்கும் சிவப்பு விளக்கு நல்லது, மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை விளக்கும் போதும். ஒரு டைமர். மின்கம்பி செருகுமிடத்துக்குக் கீழே வளைந்து தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். கம்பியில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், செருகுமிடத்துக்குள் போகாது. வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கட்டுவது அரைநாள் வேலை. திருத்துவது ஆறு வார வேலை. சுவையே அங்கேதான் இருக்கிறது.

முதலில் நீரோட்டம். 15 செண்டிமீட்டர் அகலத்துக்கு மணிக்குச் சுமார் 800 லிட்டர் வேண்டும். பம்ப்பின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. 1 லிட்டர் குவளையைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். நாலரை நொடியில் நிறைந்தால் 800 லிட்டர். எட்டு நொடி ஆனால் சல்லடையின் ஓரங்கள் காய்ந்துபோகும், பாசி நடுவில் மட்டும் வளரும். ஓட்டம் குறைவாக இருந்தால் இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு பாசி இழையையும் சுற்றி அசையாத நீர்ப்படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சத்து அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். வேகமான ஓட்டம் அந்தப் படலத்தை மெலிதாக்குகிறது. ஏடியின் வாளி செய்த வேலை இதுதான்.

பிறகு ஒளி. முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போதும். முதலில் வருவது பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு, கூடவே ஒரு குளத்து வாடை. "டீச்சர், இது கெட்டுப்போச்சு, கழுவிடலாமா?" என்று எங்கள் வகுப்பில் மூன்றாம் நாளே கேட்டார்கள். கழுவக் கூடாது. அந்தப் படிவின் மேல்தான் பச்சை இழைகள் ஏறும். பத்து நாள் கழித்து மேலோட்டமாக மட்டும் துடைத்துவிட்டு விடுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் முடிபோன்ற பச்சைப் பாசி வரும். அதன்பின் விளக்கின் நேரத்தை வாரத்துக்கு இரண்டு மணி என ஏற்றி, 14 அல்லது 16 மணிக்குக் கொண்டுபோகலாம்.

எவ்வளவு ஏற்றுவது என்பதைச் சல்லடையே சொல்லும். கரும்பழுப்பாகவும் தார்போலவும் இருந்தால் தண்ணீரில் சத்து அதிகம், அதற்கு ஏற்ற ஒளி இல்லை. நேரத்தைக் கூட்டுங்கள் அல்லது விளக்கை நெருக்குங்கள். வெளிறி மஞ்சளாகி ரப்பர்போல் ஆனால் ஒளி அதிகம், சத்து போதவில்லை. நேரத்தைக் குறையுங்கள். பச்சையாக, கையில் பிடித்தால் நனைந்த பஞ்சுபோல் வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். விளக்கை இரவில் எரியவிடுவது நல்லது. தொட்டியின் விளக்கு அணைந்ததும் செடிகளும் மீன்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் இது சின்ன விஷயமில்லை. 20 பாகை நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். இரவெல்லாம் ஒளிச்சேர்க்கை செய்யும் திரையும், அருவியாக விழும் நீரும் அந்த நேரத்துக்குக் கை கொடுக்கும்.

அறுவடை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. பாசி செழிப்பாக இருக்கிறதே என்று மனம் இரங்கி விட்டுவைக்காதீர்கள். தடித்துப்போனால் அடிப்பகுதிக்கு ஒளி போகாது. வேர்போல ஒட்டியிருக்கும் அடி செத்து, மொத்தமாகக் கழன்று, எடுத்துக்கொண்ட சத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். சல்லடையைக் கழற்றிப் பழைய வங்கி அட்டையால் சுரண்டுங்கள். மெல்லிய பச்சைப் படலம் மிச்சமிருக்கட்டும். எடுத்ததைப் பிழிந்து சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை எழுதிவையுங்கள். நன்னீர்ப் பாசி கறிவேப்பிலைத் தொட்டிக்கு நல்ல உரம். கடல்நீர்த் தொட்டியிலிருந்து வந்ததானால் உப்புப் போக அலசிவிட்டுப் போடுங்கள். குழாயின் பிளவுக்குள்ளும் பாசி புகும். கறுப்பு நாடாவை மேலே ஒட்டி ஒளியை மறைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

இப்போது கசப்பான கணக்கு. இந்தக் கருவியை மெச்சுகிறவர்கள் சிலர் இனி தண்ணீரே மாற்ற வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 5 முதல் 20 கிராம் வரை உலர்ந்த பாசி கிடைத்திருக்கிறது. நம் சல்லடையின் இரு பக்கமும் சேர்த்து 0.06 சதுர மீட்டர். 15 கிராம் என்று தாராளமாகவே எடுத்தாலும் நாளைக்கு 0.9 கிராம், வாரத்துக்கு 6 கிராமுக்குச் சற்று மேல். உலர்ந்த பாசியில் நைட்ரஜன் 4 விழுக்காடு என்றால் சுமார் 250 மில்லிகிராம். நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 11 மில்லிகிராம். தினம் 1 கிராம் தீவனம் போடுகிறவருக்குக் கூடுவது 15, குறைவது 11. நல்ல பேரம். 2 கிராம் போடுகிறவருக்கோ கூடுவது 30, குறைவது அதே 11. அவர் வாரந்தோறும் வாளியைத் தூக்கத்தான் வேண்டும். திரையில் திருத்த வேண்டிய எல்லாவற்றையும் திருத்திய பிறகும், மிகப் பெரிய திருகாணி தீவனம் போடும் விரல்களில்தான் இருக்கிறது.

வேறு குறைகளும் உண்டு. சில மாதங்களில் தண்ணீர் லேசாக மஞ்சளிக்கும். பாசியிலிருந்து கசியும் கரிமப் பொருள்கள் அதற்குக் காரணம். ஒரு சிறு பை கரி போட்டால் தெளியும். 20 வாட் பம்ப்பும் 10 வாட் விளக்கும் சேர்ந்து மாதத்துக்கு ஏறக்குறைய 19 யூனிட் மின்சாரம் எடுக்கும். செடிகள் அடர்ந்த தொட்டி வைத்திருப்பவருக்கு இது தேவையே இல்லை. செடிகள் அதே வேலையைச் செய்கின்றன, பார்க்கவும் அழகாக இருக்கின்றன. தங்கமீன், டிஸ்கஸ், அரோவானா என்று நிறையத் தின்னும் மீன்களை வெறும் தொட்டியில் வளர்ப்பவருக்கே இது உதவும். நம் பினாங்கில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

வாளித் தண்ணீர் போகும் இடத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகள் பலவற்றில் பின்கட்டுத் தண்ணீர் நேரே சாலையோரக் கால்வாய்க்குப் போகிறது. கால்வாய் சுங்கை பினாங்கில் சேர்கிறது, ஆறு ஜெலுத்தோங் பக்கம் நீரிணையில் கலக்கிறது. அதே நீரிணையில், பாலத்துக்கு வடக்கே, மிடில் பேங்க் என்ற கடற்புல் திட்டு இருக்கிறது. நீர் வற்றும்போது வெளியே தெரியும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையத்தினர் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கடற்புல்லுக்குச் சத்து மிகுந்தால் என்ன ஆகும்? இலைமேல் பாசி படரும், ஒளியை மறைக்கும், புல் வாடும். உங்கள் கண்ணாடியில் நடப்பது அங்கே புல்லின்மேல் நடக்கிறது. என் தொட்டியின் வாளி நீரிணையைக் கெடுத்துவிடும் என்று மிகைப்படுத்த மாட்டேன். சமையலறையும் தொழிற்சாலையும் பன்றிப் பண்ணையும் அனுப்பும் சுமையோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. ஆனால் ஐந்தாம் படிவ உயிரியலில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 'மிகையூட்டம்' என்ற சொல்லுக்கு, மேசைமேல் வைத்துத் தொட்டுப் பார்க்கக்கூடிய வடிவம் இதைவிட எளிதாகக் கிடைக்காது.

அங்கேதான் என் மனக்குறை. நம் பள்ளிகளில் அறிவியல் புத்தாக்கப் போட்டிகள் நிறைய நடக்கின்றன. மாணவர்கள் உழைக்கிறார்கள், பெற்றோர் வண்டியோட்டுகிறார்கள், எல்லாம் நல்லதே. ஆனால் நீதிபதி ஒரு மேசைமுன் நிற்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் வென்றாக வேண்டும் என்பதால், முடிந்துபோன கருவியும், வழுவழுப்பான பதாகையும், ஒப்பித்த விளக்கமும் போதும் என்றாகிவிட்டது. அளவீடு என்று ஒரு வரைபடம் இருக்கும். அது எத்தனை நாள் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு போட்டியில் எங்கள் பிள்ளைகளிடம், "இது ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. அந்த அழுக்குத்தான் கருவி என்று சொல்ல அவர்களுக்கு நேரம் மிஞ்சவில்லை. அவர்கள் கையில் ஒன்பது வாரக் குறிப்பேடு இருந்தது. தேதி, விளக்கு எரிந்த மணி, நைட்ரேட் அளவு, அறுவடை எடை, பாசியின் நிறம் எல்லாம் அதில் இருந்தன. ஐந்தாம் வாரத்தில் எடை திடீரென்று பாதியாகக் குறைந்ததற்குக் காரணம் தேடி, பம்ப்பின் வாயில் நத்தை ஒன்று அடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது வரை அதில் எழுதியிருந்தார்கள். குறிப்பேட்டைத் திறக்கும்படி யாரும் கேட்கவில்லை.

அறுபது விழுக்காட்டு மாணவர் அறிவியல் துறைக்கு வர வேண்டும் என்று இந்நாடு நெடுங்காலமாக இலக்கு வைத்திருக்கிறது. அந்த எண்ணை எட்டவில்லையே என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம். பிள்ளைகளுக்கு அறிவியல் என்றால் சரியான விடை என்று காட்டியே பழக்கினால் யார் வருவார்கள்? ஒரு திருகாணியைத் திருப்பி, ஒரு வாரம் பொறுத்து, என்ன ஆனது என்று பார்த்து, மறுபடி திருப்புவதில் ஒரு போதை இருக்கிறது. எங்கள் வகுப்பில் பரீட்சைக்கு முப்பது மதிப்பெண் தாண்டாத பையன் ஒருவன், நிறத்தைப் பார்த்தே விளக்கின் நேரத்தைச் சரியாகச் சொல்கிறான். அவனுக்கு மதிப்பெண் போட என்னிடம் கட்டம் இல்லை.

கட்டம் இல்லை என்பதும் முழு உண்மையில்லை. 2022இல் பி.டி.3 தேர்வு நீக்கப்பட்ட பிறகு, கீழ்ப்படிவங்களில் வகுப்புசார் மதிப்பீட்டுக்கு இடம் பெருகியிருக்கிறது. அந்த இடத்தைப் பயிற்றித்தாள்களால் நிரப்புவதா, இப்படிப்பட்ட நீண்ட வேலைகளால் நிரப்புவதா என்பது பெரிதும் நம் கையில்தான் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு ஒரு தொட்டி, ஒரு சல்லடை, ஒரு குறிப்பேடு, ஒரு தவணை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களே, அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். போட்டி நடத்துபவர்களே, அடுத்த ஆண்டு ஒரு பிரிவுக்காவது குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். கருவி வேலை செய்யாவிட்டாலும், ஏன் வேலை செய்யவில்லை என்று பன்னிரண்டு வாரம் தேடிய குழுவுக்கு மேடையில் இடம் இருக்கட்டும்.

பள்ளியில் தொடங்குவோருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும்: விடுமுறை. கூடத்தைப் பூட்டும்போது முதன்மை மின்விசையை அணைத்துவிடும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. திரை சில மணி நேரம் காய்ந்தாலே பாசி சாகத் தொடங்கும், பிறகு ஆறு வாரக் கதை முதலிலிருந்து. ஆகவே பாதுகாவலரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த ஒரு செருகுமிடத்துக்கு மட்டும் மின்சாரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தீவனம் குறையும் நாட்களில் சத்தும் குறையும், பழைய ஒளியில் பாசி மஞ்சளாகும். கடைசி நாள் அறுவடையை முடித்துவிட்டு, டைமரை 8 மணிக்கு இறக்கிவைத்துவிட்டுப் போங்கள்.